பர்ஸில் மிஞ்சிய கார்டு

“‘நாலு கிரெடிட் கார்டு எதுக்கு? ஒண்ணு போதும், மிச்சத்தை வெட்டிப் போடு!’ இப்படித்தானே வசுமதி புருஷன்கிட்ட கத்தினா? அந்த ஒண்ணு நான்தான்” என்றது தங்க நிறக் கார்டு.

“ஏன், நீ மட்டும் வானத்துலேருந்து குதிச்சியா?” என்று பர்ஸுக்குள்ளிருந்தே சீறியது பெட்ரோல் கார்டு.

மேஜைமேல் காத்திருந்த சமையலறைக் கத்தரிக்கோலுக்குப் பொறுமை என்பதே கிடையாது. “சண்டை போதும். எனக்கு அடுப்படியில ஆயிரம் வேலை. உங்களால என்ன லாபம்? அதை மட்டும் சொல்லுங்க!”

“நான் இருந்தா விமான நிலையத்துல இலவசச் சாப்பாடு” என்றது தங்கம்.

“இவங்க கடைசியா எப்போ பறந்தாங்க?”

“இனிமேதான் பறக்கணும்.”

சரக்!

“நான் பெட்ரோலுக்குத் தள்ளுபடி தருவேன்.”

“வண்டியை வித்தே ஒரு வருஷம் ஆச்சேடா!”

சரக்!

“என்னை வாங்கினதுக்குத்தானே அந்த நீலச் சூட்கேஸை இலவசமாக் கொடுத்தாங்க?” என்று விசும்பியது மூன்றாவது கார்டு.

“சூட்கேஸ் இருக்கட்டும். நீ கிளம்பு.”

சரக்!

வேலை முடிந்த கத்தரிக்கோல் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டது. பெயரே தேய்ந்துபோன பழைய கார்டு ஒன்றுதான் மிச்சம். “அப்பாடா, பிழைச்சேன்!” என்று அது பர்ஸுக்குள் தாராளமாகப் புரண்டு படுத்தது.

அப்போது வசுமதி ஃபோனில் தங்கையிடம் சொன்னாள்: “நாளைக்கு ஆடித் தள்ளுபடி ஆரம்பம்டி, காலையிலேயே வந்துடு! இனிமே எந்தக் கார்டுன்னு தேட வேண்டாம். உனக்கு, எனக்கு, அண்ணிக்கு, எல்லாத்தையும் ஒரே கார்டுல தேய்ச்சுடலாம்!”

பழைய கார்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

“அக்கா! கத்தரிக்கோலக்கா! ஒரே ஒரு நிமிஷம், இங்கே வந்துட்டுப் போங்களேன்!”