வாசற்படியில் வைத்த சாவி

"பத்திரம் பதிஞ்சாச்சு. பணத்தை வாங்கி மடியில கட்டிக்கிட்டான். சாவி மட்டும் இன்னும் வரலைன்னா இன்னா அர்த்தம், ஏசுராஜு?"

கேட்டது எதிர்வீட்டு ஆதிகேசவன். ஏசுராஜ் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

மாட்டு வண்டியில் பாய், பானை, ஒரு டிரங்குப் பெட்டி. நடுவில் பச்சைக் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு மனைவி ஜெபராணி. சித்திரை வெயில் ஆம்பூரைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாவி தருவதாகச் சொன்னவர் முக்தார் அகமது சாயபு. ஜவுளி வியாபாரி. வீட்டை விற்றுவிட்டு மேல்விஷாரத்துக்குப் போகிறவர். காலையில் ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து நேராக வந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவர்தான். இப்போது மணி மூன்று.

ஏசுராஜ் கதவைத் தட்டினான். "சாயபு! நாங்க வந்து மூணு மணி நேரம் ஆவுது!"

கதவு நாலு விரல் திறந்தது. வேலைக்கார ஹபீபின் ஒற்றைக் கண் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரமாம்."

"ஒரு மணிக்கும் இதையேதானே சொன்னே?"

"அப்பவும் சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. தண்ணீர் சளார் சளார் என்று கொட்டியது.

"கேட்டியா?" என்றான் ஆதிகேசவன். "நீ இங்க வெயில்ல காயறே. அவன் குளிச்சிக்கிட்டு இருக்கான்."

ஏசுராஜின் அப்பா கிராமத்தில் செத்த மாடு தூக்கியவர். யார் வீட்டில் மாடு விழுந்தாலும் ஆள் வரும். சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடுவார். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்து, தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாகி, பதினோரு வருஷம் வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு இது. இந்தத் தெருவில் அவன் ஜனத்தில் ஒருத்தன் வாங்கும் முதல் வீடு.

இதுவரை இருந்த குடிசையில் காலையிலேயே வேறு குடும்பம் அடுப்பு மூட்டிவிட்டது. நாலு மணிக்குப் போதகர் ஜெபம் பண்ண வருகிறார். கூடவே சபையார் முப்பது பேர்.

"உன் நல்லதுக்குச் சொல்றேன்," ஆதிகேசவன் விடவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள வண்டியைத் திருப்பிடு. அந்தாளு மனசு மாறிட்டான். இந்தத் தெரு உனக்குத் தோதுப்படாதுன்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு."

காற்று திரும்பியது. ஜெபராணி மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாங்க, இப்படி நாறுது?"

"ஆம்பூர்ல எந்தத் தெரு மணக்குது? சும்மா இரு."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாழ்ப்பாள் விலகியது. சாயபு வெளியே வந்தார். காலையில் ஷெர்வானியும் அத்தருமாக இருந்த மனிதர், இப்போது ஈரக் கைலியில் நின்றார்.

ஏசுராஜ் கையை நீட்டினான்.

சாயபு ஓரடி பின்னால் போனார். குனிந்து, சாவியை வாசற்படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"எடுத்துக்கோ தம்பி. ரொம்ப நேரமாயிடுச்சு. மாப் பண்ணிக்கோ."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் இருமினான். இருமல் மாதிரி இல்லை.

ஏசுராஜுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"காலையில என் கையிலேர்ந்து பணம் வாங்குனீங்களே, அப்ப ஒட்டாத தீட்டு சாவி குடுக்கறப்ப ஒட்டிக்குமா? எங்கப்பனுக்குக் கூலியை இப்படித்தான் தரையில போட்டானுங்க. நீங்களுமா சாயபு?"

சாயபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். தெருமுனையில் நின்ற தன் வண்டியை நோக்கி நடந்தார்.

துடைப்பத்தோடு வெளியே வந்த ஹபீப் அதைக் கீழே வீசினான்.

"யாரைப் பார்த்து இன்னா பேசறே நீ? நீங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீசுல, நான் சாமானை வண்டியில ஏத்தப் போயிருந்த நேரத்துல, எவனோ அழுகிப்போன கன்னுக்குட்டியைக் கிணத்துல போட்டுட்டுப் போய்ட்டான். பின்பக்கமாப் போய்த் தூக்கறதுக்கு ஆள் கேட்டா, 'குடிவர்றவன் தூக்கட்டும், அவன் பரம்பரைத் தொழில்தானே'ன்னு சிரிக்கிறானுங்க. கடைசியில சாயபே இறங்கினாரு. நல்லவேளை, இடுப்பளவுதான் தண்ணி. புது ஊத்து தெரியற வரைக்கும் ரெண்டு பேருமா இறைச்சுக் கொட்டினோம். கை கழுவக்கூட நல்ல தண்ணி இல்லய்யா. அந்தக் கையால எப்படி உன் கையைத் தொடுவாரு?"

எதிர்வீட்டுக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

ஏசுராஜ் ஓடினான். வண்டியில் ஏறப்போன சாயபுவின் முன்னால் மூச்சிரைக்க நின்றான். கண் கலங்கிவிட்டது.

"என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா சாயபு? அஞ்சு நிமிஷத்துல தூக்கிப் போட்டிருப்பேனே! எனக்கு இதெல்லாம் புதுசா?"

சாயபு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"உனக்குப் புதுசில்லைன்னுதான் தம்பி கூப்பிடல."