முதலில் நீட்டிய கை

முதலில் கையை நீட்டியவள் சர்மிளா.

எனக்கு அது சரியாகப் படவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லாரும் பள்ளி மண்டபத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஊசிப் பெட்டியோடு தாதி நிலூஷா. அந்தக் கதிரையை நோக்கி ஒருத்தி தானாக நடந்து போவாள் என்று வகுப்பாசிரியையான நான் கனவிலும் நினைக்கவில்லை.

கொரோனாக் காலத்தில் விடுபட்டுப்போன எச்.பி.வி. தடுப்பூசி அது. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வராமல் காக்கிற ஊசி. ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளின் காதில் புற்றுநோய் என்ற சொல் மட்டும் ஏறியது. தாய்மாரின் காதில் அதுவும் ஏறவில்லை.

அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்த ஊசியைப் போட்டால் பிள்ளை பிறக்காது.

யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தி ஃபோனைக் காட்டுவாள், இன்னொருத்தி கோயிலில் பேசிக்கொண்டார்கள் என்பாள். சிரிப்புத்தான் வந்தது. முழுதாகச் சிரிக்கவும் முடியவில்லை. ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய், விளங்காத பாஷையில் ஏதோ சொல்லி, பிள்ளை பெறாதபடி ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த லொறியில் என் அம்மாவும் இருந்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது.

அதனால்தான் காலையிலேயே பள்ளிக் கேட்டுக்கு வெளியே தாய்மார் கூட்டம். பிள்ளையை வெளியே அனுப்புங்கள் என்று ஒரே சத்தம்.

சம்மதம் சொன்ன தாய் சர்மிளாவின் அம்மா ஒருத்திதான். அவளும் அங்கேதான் நின்றாள், கூட்டத்தை விட்டுத் தள்ளி, மண்டபத்தையே பார்த்தபடி. இந்தம்மாவுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கெல்லாம் எங்கே போனது என்று அவளைக் காட்டியே மற்றவர்களை மடக்கினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கொழுந்து பறிக்கவும் வீட்டுக்குமாக ஓடுகிற அந்த மனுஷிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மகள் அடம்பிடித்ததால்தான் ஒத்துக்கொண்டிருப்பாள். அதுதான் என்னை அரித்தது.

சர்மிளா போன சித்திரையில் அக்காவைப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வாய் திறக்கமாட்டாள். அப்படிப்பட்டவள் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஊசி இறங்கும்போது முகம் சுளிக்கவில்லை.

சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருகிற கிருமி எப்படித் தொற்றும் என்பது எனக்குத் தெரியும். ஆண் பெண் உறவில் தொற்றுவது, அதனால்தான் அந்த வயது வருவதற்கு முன்பே ஊசி என்று பேராதனையில் நடந்த பயிற்சியில் டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை நான் சொல்லவில்லை. கூச்சம். நான் சொல்லாததை இவள் எங்கே கேட்டாள்? பதின்மூன்று வயதுப் பிள்ளை எதற்குப் பயந்து ஓடிவருகிறாள்?

கெட்ட புத்தி ஒரு இடத்தில் நிற்காதே. கண்டி டவுனில் டியூஷன். திரும்பி வருகிற த்ரீவீல். அதை ஓட்டுகிறவன். போன மாதம் அவள் காதில் நான் புதிதாகப் பார்த்த தோடு. எல்லாவற்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டேன்.

ஊசி போட்டவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். பெஞ்சில் அவள் மட்டும்தான் இருந்தாள். பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“உண்மையச் சொல்லுடி. யாரு ஒன்னய இதப் போட்டுக்கச் சொன்னது?”

ஒரு பையனின் பெயருக்காகக் காத்திருந்தேன்.

அவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என் காதருகே குனிந்தாள்.

“அம்மாதான் டீச்சர். இனிமே எனக்குப் புள்ள உண்டாகாதுல்ல? அக்கா மாதிரி நான் சாக மாட்டேன்ல?”

சித்திரையில் அவர்கள் குடியிருக்கிற லயத்துக்கு, சாவு வீட்டுக்கு, நானும் போயிருந்தேன். அடைமழையில் பாதை இடிந்து கிடக்க, பிரசவ வலியோடு அவளுடைய அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. தாயையும் குழந்தையையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் காதில் கிடந்த தோடுதான் இப்போது இவள் காதில்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அது பச்சைப் பொய், பிள்ளை பிறக்கும், பத்துப் பிள்ளைகூடப் பிறக்கும் என்று காலையிலிருந்து ஊருக்கே கத்தியவள் நான். இவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதற்கு வருவாளா? சொல்லாவிட்டால், எந்தப் பொய்யைக் கொல்ல நின்றேனோ அதையே நானும் சேர்ந்து வளர்த்தவள் ஆவேன்.

ஜன்னலுக்கு வெளியே தாய்மார் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சர்மிளா எழுந்து, பஞ்சு ஒட்டிய கையை உயர்த்தி அம்மாவுக்குக் காட்டினாள்.

கேட்டுக்கு அப்பால் நின்ற அந்தத் தாய், என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டாள்.