சைரன் மாஸ்டர்

கார் நேராகப் போய் டிரைவிங் ஸ்கூலின் கேட்டில் முட்டி நின்றது. முன்விளக்கு ஒன்று சில்லுச் சில்லாகக் கொட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கல்லூரிப் பெண் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்து சீட்டிலிருந்த மாஸ்டர் தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லம்மா. கேட்டும் எத்தனை நாள்தான் சும்மா நிக்கும். ரிவர்ஸ் போடு."

ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதே மாஸ்டருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'சைரன்'. கிளட்சை விடத் தெரியாத பாவத்துக்காக எத்தனையோ பேரை நடுரோட்டில் இறக்கிவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்கக் கத்தித் தீர்த்த மனிதர்.

"மூளைல இருந்த கட்டியை எடுத்ததும் ஆளே மாறிட்டாருப்பா."

"நம்ம முதலாளிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தா என்ன?"

மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளே என்னவோ உறுத்தியது.

போன வருஷம் வண்டியிலேயே மயங்கிச் சாய்ந்தபோதுதான் கட்டி இருப்பது தெரிந்தது. "உங்க கோபத்துக்குக்கூட இது காரணமா இருக்கலாம்" என்றார் டாக்டர். அதில் 'இருக்கலாம்' என்ற வார்த்தை மட்டும் மாஸ்டரின் காதில் ஏறவில்லை.

கைராசிக்கார டாக்டர். பாதி நாள் இழுக்கும் என்று பயமுறுத்திய ஆபரேஷனை, மனைவி கேன்டீனுக்குப் போய்த் திரும்புவதற்குள் முடித்துவிட்டாராம். கண் விழித்ததும் மனைவி காதருகே குனிந்து, "எல்லாம் போச்சுங்க. இனிமே உங்களுக்குக் கோபமே வராது" என்றாள். அன்றிலிருந்து வரவேயில்லை.

கோபம் போனதே தவிர, செய்த பாவத்தின் பாரம் போகவில்லை. அவர் டம்ளரைச் சற்று ஓங்கி வைத்தால் மனைவி இன்னமும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கூனிக் குறுகிப் போவார்.

மகள் விஷயம் அதைவிட மோசம். கார் சாவியைத் தொலைத்துவிட்டாள் என்று அவர் பிடித்துத் தள்ளிய வேகத்தில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த கையோடு தோழி வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை.

'நான் செய்யலை, கட்டி செஞ்சது' என்று தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார். எலும்பு முறிந்த அந்தச் சத்தம் மட்டும் சமாதானம் ஆகவில்லை.

போன வாரம்தான் அவள் முதல் முறையாக அவருடைய போனை எடுத்தாள். "அன்னைக்கு உங்க கையை உங்களால நிறுத்த முடியலையா, இல்ல நிறுத்த மனசு வரலையாப்பா? அது மட்டும்தான் எனக்குத் தெரியணும். டாக்டர் சொல்லட்டும், அன்னைக்கே வீட்டுக்கு வரேன்."

இதைக் கேட்டதும் மனைவி முகம் வெளுத்துப்போனது. "அந்த டாக்டரை எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு? நானே அவகிட்டப் பக்குவமா பேசிக்கிறேன்."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மனைவியிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரின் மேஜைமேல் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"டாக்டர், லைன்ல என் பொண்ணு இருக்கா. அவ கையை உடைச்சது நான்தான், இல்லைங்கல. ஆனா அது என் கட்டுப்பாட்டுல இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். கட்டியை எடுத்த பிறகு நான் யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல. இன்னைக்குக்கூட ஒரு பொண்ணு காரை இடிச்சுது, எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்க வீட்டுல உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும் டாக்டர்?"

"நானே பார்த்துச் சொல்லிக்கிறேன்னு சொன்னாங்களே." டாக்டர் போனை ஒரு தடவை பார்த்தார். "திறந்து பார்த்தப்போதான் கட்டி மூளைல பேச்சுக்கான பகுதியை ஒட்டி இருக்கறது தெரிஞ்சுது. தொட்டிருந்தா உங்களுக்குப் பேச்சே போயிருக்கும். நல்லவேளையா வளர்ற ஜாதி இல்ல, உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

மாஸ்டருக்கு விளங்கவில்லை. போனில் மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அதனால கட்டியை நாங்க எடுக்கவே இல்ல, அப்படியே மூடிட்டோம்."