இலவசமே போதும்

"ஒனுகிசானுக்குக் காசு செலவழிக்க மனசில்லே. அதை நேரா சொல்லிட்டா நானும் பேசாம விட்டுடறேன்."

இப்படிச் சொல்லிவிட்டு, ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான் கஜி. ஓமியா ஸ்டேஷன் எதிரே இருக்கிற உணவகத்தில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தார்கள் மூவரும்.

சேர்ந்து கதை விளையாட்டு செய்கிறவர்கள். கணினித் திரையில் படம் வரும், கீழே வசனம் வரும், படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். எழுதுவது மிசுஹோ. வரைவது கஜி. இரண்டையும் சேர்த்து ஓட வைப்பது ஒனுகி, மூவரில் மூத்தவர், அதனால் மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். முதல் விளையாட்டை, அவரவர் செய்ததை அவரவரே விற்கிற கோடை விற்பனையில் மேசை போட்டு விற்றாயிற்று. அடுத்ததைக் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளில் செய்வதா, இலவசமாகக் கிடைப்பதில் செய்வதா என்பதில்தான் இந்தச் சண்டை.

காசு கொடுத்து வாங்க வேண்டியதைத் தன் கணினியில் ஓட்டிக் காட்டினான் கஜி. மழை சாய்வாக விழுந்தது. பெண்ணின் கூந்தல் காற்றில் ஆடியது. அவள் கண் சிமிட்டினாள்.

மிசுஹோ அசந்துபோனாள். இரண்டு வருஷமாக அவள் எழுதிக்கொண்டிருந்த பெண், உயிரோடு எதிரே வந்து நின்றாள்.

"இலவசமே போதும்," என்றார் ஒனுகி.

"ஏன்?"

"அதுல ஒரு வசதி இருக்கு."

"என்ன, காசு மிச்சமாகிற வசதியா?"

ஒனுகி தன் கணினியில் அந்த இலவசத்தை ஓட விட்டார். மிசுஹோவுக்கு அதுதான் புரியவில்லை. மனுஷர் கஞ்சனும் இல்லை. போன தடவை விளையாட்டை வைத்து விற்கிற அட்டைப்பெட்டி தடிப்பாக இருக்க வேண்டும் என்று கைக்காசு போட்டு அச்சடித்தவரே அவர்தான். அப்புறம் எதற்கு இந்தப் பிடிவாதம்?

"இவர் வழியே தனி வழி, மிசுஹோ," என்றான் கஜி. "கோடை விற்பனையில நாம ரெண்டு பேரும் மத்த மேசைக்காரங்களைப் பார்த்து வணக்கம் சொல்லிட்டு வரப் போனோமே, ஞாபகமிருக்கா? அப்ப யாரோ ஒருத்தர் வந்து நம்ம பெட்டியை வாங்கறேன்னாராம். இவர் அந்த ஆள் கையிலேருந்து திருப்பி வாங்கி வெச்சுக்கிட்டு, வேண்டாம் போயிட்டு வாங்கன்னுட்டாராம். பக்கத்து மேசைக்காரர் காதுல விழுந்திருக்கு. மீந்துபோன பெட்டியெல்லாம் இன்னும் என் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு."

"நிஜமாவா, ஒனுகிசான்?" என்றாள் மிசுஹோ.

"ஆமா. அது அவருக்குப் பிரயோஜனப்படாது."

"அது வாங்கறவருக்கில்லே தெரியணும்?" என்றான் கஜி.

ஒனுகி மூன்று காலி கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "எல்லாருக்கும் மெலன் சோடாதானே?" என்று கேட்டு, பானத்தை அவரவரே பிடித்துக்கொள்கிற இடத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

கஜி குரலைத் தாழ்த்தினான். "நீ சொல்றதுதான் முடிவு. இலவசம்னு சொன்னா நான் வேற குழுவுக்குப் போயிடறேன். கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

கஜி போனால் படம் போச்சு. படம் போனால் கதை அவளுடைய கணினியிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

அந்த இலவசத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒனுகியின் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் சொருகிய இயர்போன் கிடந்தது. ஒன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கஜியிடம் நீட்டினாள்.

ஒரு இயந்திரக் குரல் பேசியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஆனால் பேசுவது அவள் எழுதிய வசனம். திரையில் எழுத்து நகர நகர, அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனது.

"ரயில் எத்தனாவது பிளாட்பாரத்துல வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றான் கஜி. "இதுவா வசதி? எழுத்துதான் கண்ணுக்கு எதிர்ல இருக்கே. பார்த்துப் படிச்சுக்க மாட்டாங்களா?"

பச்சைப் பசேலென்று மூன்று கிளாஸ்கள் மேசைக்கு வந்தன.

"அன்னிக்கு வந்தவரால முடியாது, கஜி," என்றார் ஒனுகி. "கையில வெள்ளைக் கோல் வெச்சு, தட்டித் தட்டி வந்தார்."

கஜி காதிலிருந்ததை மெல்ல எடுத்தான்.

"கதை நல்லா இருக்குன்னு யாரோ சொல்லி வந்திருக்கார். பெட்டியைத் தடவிப் பார்த்தார். குடுங்க, யாராவது படிச்சுக் காட்டுவாங்கன்னார். அடுத்த விளையாட்டுக்கு வாங்க, யாரும் படிச்சுக் காட்ட வேண்டியிருக்காதுன்னு சொல்லி அனுப்பினேன். நம்ம முதல் விளையாட்டுல படிக்கிற வசதி இல்லே, நீ காட்டினதுலயும் இல்லே. அதைச் செய்யறவங்களுக்கே எழுதிக் கேட்டுப் பார்த்துட்டேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றாள் மிசுஹோ.

"சொன்னா உங்களால மாட்டேன்னு சொல்ல முடியுமா? கஜியோட மழை ரொம்ப அழகா இருக்கு. பாவம் பார்த்து அவன் அதை விட வேண்டாம்னு நெனச்சேன்."

கஜியின் திரையில் இன்னும் மழை பெய்துகொண்டே இருந்தது.

"என் படத்தையும் அது படிக்குமா?" என்று கேட்டான் கஜி.

"அதுல என்ன இருக்குன்னு நீ எழுதிக் கொடுத்தா படிக்கும்."

கஜி தன் கணினியை மூடினான். ஒரு காகிதக் கைக்குட்டையை இழுத்து, மிசுஹோவின் பேனாவை வாங்கி, எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான்.

"எனக்கு எழுத வராது. திருத்திக் குடு," என்று அவள் பக்கம் தள்ளினான்.

'மழை சாய்வாகப் பெய்கிறது. அவள் கூந்தல் காற்றில் ஆடுகிறது. இதோ, இப்போது கண் சிமிட்டினாள்.'

மிசுஹோ ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.