மலையிறக்கத்துக்கு முன்னால்

மலையூரில் அருளானந்தம் என்பவரிடம் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு, இரண்டு மகள்களையும் பின்சீட்டில் உட்காரவைத்து ரெஜினா கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதே அருளானந்தம் ஸ்கூட்டரில் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு துரத்தி வந்தார். காரை முந்திப் போய், இறக்கம் தொடங்கும் வளைவில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு, சாலை நடுவே கைகளை விரித்து நின்றார். அவள் பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சுபோல் தரைவரை அமுங்கியது. அவர் விலகவில்லை. மெல்ல உருண்டு வந்த காரைப் பானெட்டில் இரு கைகளையும் ஊன்றித் தடுத்தார். ரெஜினா கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள்.

"பிரேக் ஆயில் ஒழுகுதும்மா. தெரிஞ்சேதான் வித்தேன்," என்றார் அவர். "போறப்ப உன் புள்ளைங்க திரும்பிப் பாத்து டாட்டா காட்டிச்சுங்க. அதுக்கப்புறம் என்னால வீட்டுக்குள்ள போக முடியல."

வளைவுக்கு அப்பால் சாலை செங்குத்தாக இறங்கியது. காருக்குள் மகள்கள் முறுக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜினா அந்த இறக்கத்தையும் அவர்களையும் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"காரை நானே திரும்ப எடுத்துக்கறேன்மா."

"வேணாம்," என்றாள் ரெஜினா. "பிரேக்க சரிபண்ணிக் குடுங்க. இதையே ஓட்டுறேன்."