நிக்க மாட்டேங்குது

"சத்தம் நிக்க மாட்டேங்குது தம்பி. நீதான் ஏதாவது பண்ணணும்."

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே இப்படிச் சொன்னார் இராமச்சந்திரன். அனந்தபுரம் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, கையில் மடித்த துணிப்பை. அவர் ஓட்டி வந்த கறுப்பு ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு சிறுத்தை ஸ்டிக்கர் பாய்ந்துகொண்டிருந்தது.

பிரசாந்த் ஆச்சரியப்படவில்லை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருப்பவன் அவன். ஐம்பது தாண்டிய பிறகு ஆசை வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான்.

"விட்டு விட்டுக் கேக்குதா சார்?"

"ஆமா. நடுவுல கொஞ்ச நேரம் விடும். அப்பாடான்னு உக்காந்தா மறுபடி ஆரம்பிச்சிடும்."

"ஆம்ப்ளிஃபயர எங்க சார் மாட்டியிருக்கீங்க?"

"அதத்தான் நானும் காலைலேர்ந்து தேடுறேன்."

பிரசாந்த் சிரித்துக்கொண்டே பின் சீட்டைத் தூக்கினான். அடியில் ஆம்ப்ளிஃபயர் சிவப்பு விளக்கு மினுக்கியபடி கிடந்தது. வயரை இழுத்துப் பார்த்தான். கையோடு வந்தது.

"எர்த் வயரு லூசா இருக்குது சார். பெயிண்ட் மேலயே போல்ட்டு போட்டிருக்கான் எவனோ. வண்டி குலுங்கினா பிடிப்பு விட்டு ஆஃப் ஆயிடும்."

இராமச்சந்திரன் அருகில் வந்து குனிந்து பார்த்தார். "நல்லா குலுக்கினா ஒரேயடியா போயிடுமா?"

"பயப்படாதீங்க சார். நான் இருக்கேன் இல்ல."

"இல்ல தம்பி, விஷயம் இன்னான்னா, இந்த வண்டிய இரவல்..."

"டென்ஷன் ஆவாதீங்க, உக்காருங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துணிப்பையைப் பிரித்து மடித்தார். "ஞாயித்துக்கெழம எம் பொண்ணு எழிலுக்கு குரூப் டூ பரீட்சை. அதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டியாவணும்."

பிரசாந்துக்கு மனசு இளகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பெண், வழியெல்லாம் பாட்டுக் கேட்டபடி தைரியமாகப் போகட்டும் என்று நினைக்கிற அப்பா. இந்த வேலையை மனதாரச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தான்.

பெயிண்டைத் தகரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். விரல் தடிமனுக்குப் புது வயர் இழுத்தான். சூடேறி நின்றுவிடக்கூடாது என்று சின்ன ஃபேன் ஒன்றை மாட்டினான். அதுவும் போதாமல், வண்டி நின்றிருக்கும்போதும் பாட்டு நிற்காமல் இருக்கத் தனியாக ஒரு பேட்டரி வைத்தான்.

"தம்பி, இவ்வளவு வேணாம்" என்றார் இராமச்சந்திரன்.

"உங்களுக்கில்ல சார். தங்கச்சி பரீட்சைக்கு."

இருவரும் ஜீப்பில் ஏறிக் கோட்டைப் பக்கம் போனார்கள். பிரசாந்த் வேண்டுமென்றே வேகத்தடைகளில் வண்டியைத் தூக்கிப் போட்டான். பள்ளத்தில் இறக்கினான். பாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் குட்டிகளை அள்ளிக்கொண்டு ஓடின. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் தன் வண்டியில்தான் ஏதோ உடைந்துவிட்டதென்று ஓரங்கட்டி இறங்கி டயரைப் பார்த்தார். ராஜகிரி மலை பாட்டை ஒருமுறை திருப்பிப் பாடியது.

கடைக்குத் திரும்பியபோது இராமச்சந்திரனின் கண்ணில் நீர் நின்றது. இவ்வளவு ரசித்த வாடிக்கையாளரைப் பிரசாந்த் பார்த்ததில்லை.

"இனிமே இது நிக்காது சார். சாவிய எடுத்தாலும் விடிய விடிய பாடும்."

"விடிய விடியவா?"

"ஆமா சார். என் கேரண்டி."

இராமச்சந்திரன் மெதுவாக இறங்கி, அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. காலைல இருந்த மாதிரியே ஆக்கிக் குடுத்துட முடியுமா?"

பிரசாந்தின் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. ராத்திரியெல்லாம் ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையைக் கிழித்துத் தரச் சொன்னால் தையல்காரருக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"இன்னா சார் கொறைன்னு சொல்லுங்க. பேஸ் கம்மியா இருக்குதா?"

"ஐயோ, அதில்லப்பா."

"அப்ப உங்க காதுக்கு நேரா வரல. அவ்வளவுதான்." தீர்வு கிடைத்த சந்தோஷத்தில் அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி ஜீப்புக்குள் தலையை விட்டான். "யாரு எங்க உக்காந்து கேக்கறாங்களோ, அந்த எடத்துக்குத் தகுந்த மாதிரி சத்தத்தத் திருப்பி வைக்கணும் சார். அது தனி வேலை. நீங்க எந்த சீட்டுல உக்காந்து கேப்பீங்க?"

இராமச்சந்திரன் துணிப்பையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சீட்டுல இல்ல தம்பி. எதிர் வீட்டுல."