இரண்டு வேளை பஞ்ச்

"குடிகாரனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்! அந்தத் தாம்பூலத் தட்டை எடுத்து உள்ளே வை!"

சம்பவநாதனின் குரல் சமையலறைச் சுவர்களில் மோதித் திரும்பியது. பெண் பார்க்க வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, மனைவியையும் மைத்துனனையும் உள்ளே அழைத்துவந்து கதவைச் சாத்தியிருந்தார் அவர்.

"ராஜகிரி உச்சியில ஏறி நின்னு கத்துங்களேன். செஞ்சி பூரா கேக்கட்டும்" என்றாள் நீலாஞ்சனா, பல்லைக் கடித்துக்கொண்டு. "மாப்பிள்ளை குடிக்கிறாருன்னு யாரு சொன்னா?"

"அவனைப் பெத்தவளே சொன்னாளே! 'எட்டு மணிக்கு ஒரு பஞ்ச் போட்டாகணும், சாயங்காலம் ஒரு பஞ்ச் போட்டுட்டுத்தான் வீட்டுக்கே வருவான்'னு பெருமையா சொன்னாளே, உன் காதுல விழலியா?"

விழுந்ததுதான். மெட்ராஸ் தொழிற்சாலையின் இரைச்சலுக்குப் பிள்ளை காதில் பஞ்சு போட்டுக்கொள்கிறான் போலும் என்று அவள் நினைத்திருந்தாள்.

மைத்துனன் சந்திரநாதன் பஸ் கண்டக்டர். அவன் தலையைச் சொறிந்தான். "மாமா, நாங்க டிக்கெட்டுல ஓட்டை போடுறோமே, அதையும் பஞ்ச்னுதான் சொல்லுவோம்."

"மாப்பிள்ளை இன்னா, உன்ன மாதிரி பஸ்ஸுல தொங்குறானா?"

"மூக்குல குத்து விட்டாலும் பஞ்ச்தான் மாமா. போன வாரம் எங்க செக்கருக்கு ஒண்ணு விழுந்துச்சே."

"தினம் ரெண்டு வேளை எவன்டா மூக்கைக் காட்டிக்கிட்டு நிப்பான்? பஞ்ச்னா சாராயம்டா! சீமைச் சாராயத்துல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சக்கரை கொட்டி, லவங்கம் தட்டிப் போடுவான். முதல் டம்ளரு சர்பத்தாட்டம் எறங்கும். ரெண்டாவதுலதான் காது ரெண்டும் சூடாகும். தேனைக்கூடத் தொடாத ஜைனக் குடும்பம் நம்மளுது. இதுல ஒரு குடிகாரனா? நாளைக்கு மல்லாட்டை மூட்டையைப் புதுச்சேரியில எறக்கிட்டு வந்து, நானே வேற வரன் பாக்கறேன்."

நீலாஞ்சனா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். மாதந்தோறும் நிலக்கடலை மூட்டையோடு புதுச்சேரிக்குப் போய்விட்டு, பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழமும் கையுமாக வந்து சுருண்டு படுப்பவர், வேறு வரன் பார்க்கிறாராம்! இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் இவர் வாயால்தான் முறிந்தன. பின்கட்டில் பட்டுப்புடவையோடு நிற்கும் மகள் ஜெயமாலாவின் விசும்பல் இங்கே வரை கேட்டது. இதுவும் போனால் இந்த வீட்டு வாசலை எவன் மிதிப்பான்?

"இனிமே ஒரு வார்த்தை பேசினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

கதவைப் படீரென்று திறந்துகொண்டு நேரே கூடத்துக்குப் போனாள்.

"சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க. பஞ்ச் பஞ்ச்னு சொன்னீங்களே, அது இன்னாங்க?"

மாப்பிள்ளையின் தாய் ஜ்வாலாமாலினி சிரித்துவிட்டாள். "அதுவா? கம்பெனி வாசல்ல கடியாரம் வச்ச பெட்டி ஒண்ணு இருக்குது. உள்ளே போறப்பவும் வெளியே வர்றப்பவும் அதுல அட்டையைச் சொருகி ஓட்டை போடணும். இல்லேன்னா அன்னிக்கு வேலைக்கே வரலைன்னு எழுதிருவான். எம்புள்ள ஒரு நாளும் தவற விட்டதில்லை."

கதவருகில் நின்ற சம்பவநாதன் சட்டென்று உள்ளே திரும்பினார். தாம்பூலத் தட்டை அவரே இரு கைகளாலும் ஏந்திவந்து நீட்டினார். பொழுது சாயுமுன் விருந்து முடிந்தது. வந்தவர்களைச் சந்திரநாதன் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினான்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வந்த சம்பவநாதன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "பாத்தியா நீலா, ஒத்தை வார்த்தைக்கு எத்தினி அர்த்தம் வச்சிருக்கான் வெள்ளைக்காரன்! யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவான்."

நீலாஞ்சனா சிரிக்கவில்லை. இந்த முறை கதவை அவள் சாத்தினாள்.

"ஏங்க, மாசாமாசம் புதுச்சேரியிலேருந்து வர்றப்ப உங்க மேல எலுமிச்சை வாசனை அடிக்குதே" என்றாள் அவர் கண்ணையே பார்த்து. "அது மோந்த பழமா, பிழிஞ்ச பழமா?"